விளாங்காய் ஓட்டில் தெளிந்த மருந்து

மூங்கில் காட்டில் மின்னி என்றொரு சருகுமான் இருந்தாள். முயலைவிடக் கொஞ்சம்தான் பெரியவள். ஓர் இலை விழுந்தாலே மூன்று முழம் துள்ளுகிறவள். அவளுக்கு ஒரே குட்டி, பெயர் பொட்டு.

பொட்டுவின் காலில் முள் குத்திப் புண் சீழ் பிடித்தது. காய்ச்சல் கொதித்தது. மின்னி கசப்புப் பட்டைச் சாறு கொடுத்தாள். போன மாதக் காய்ச்சலுக்குக் கேட்ட அதே சாறு இப்போது கேட்கவில்லை. குட்டி கண் திறக்காமல் கிடந்தான்.

மின்னி ஓடிப்போய் முள்ளம்பன்றி வைத்தியச்சியை அழைத்து வந்தாள். காடே அவளை முள்ளி அக்கா என்றுதான் கூப்பிடும்.

அக்கா புண்ணை முகர்ந்தாள். "போன தடவை பட்டைச் சாறு எத்தனை நாள் குடுத்தே?"

"மூணு நாள்."

"நான் சொன்னது ஏழு."

"காய்ச்சல் விட்டிருச்சுக்கா. கசக்குதுன்னு அழுதான். மனசு கேக்கல."

"நல்ல மனசு! அரைகுறையா அடிவாங்கின கிருமியெல்லாம் சாற்றுக்குப் பழகிருச்சு. இப்ப அதிலேயே குளிச்சு விளையாடுது."

மின்னிக்குக் கண் நிறைந்தது. அக்கா மூக்கால் அவள் கழுத்தை மெல்ல இடித்தாள். "அழாதே. இந்தக் காட்டுல இந்தத் தப்பைப் பண்ணாத அம்மா ஒருத்தியைக் காட்டு, பார்க்கலாம்."

மரத்தின் மேலிருந்து கருங்குரங்கு மாமா குரல் கொடுத்தார். "பட்டையோட காரவேரைச் சேர்த்து ஊத்துங்க. காட்டிலேயே பலமான ரெண்டும் சேர்ந்தா எந்தக் கிருமி நிக்கும்?"

"ஆமாக்கா, உடனே குடுத்துடலாம்," என்று மின்னி வேரைத் தோண்டக் காலை வைத்தாள்.

"சாயங்காலம் வரைக்கும் பொறு," என்று அக்கா தடுத்தாள். "முதல்ல விளாங்காய் ஓட்டுல சோதிச்சுப் பார்க்கலாம். ஓட்டுல தப்பாப் போனா வேற ஓடு எடுத்துக்கலாம். உனக்கு வேற பொட்டு இருக்கானா?"

மின்னி காலை எடுத்துவிட்டாள்.

அக்கா காய்ந்த விளாங்காய் ஓடுகளை வரிசையாக வைத்தாள். ஒவ்வொன்றிலும் மூங்கிலரிசிக் கஞ்சியின் தெளிவை ஊற்றிச் சீழ் ஒரு சொட்டு விட்டாள். மருந்துக்கு ஒரு முள்ளாகத் தன் முதுகிலிருந்து பிடுங்கி, சாற்றில் தோய்த்துச் சொட்டினாள். சில ஓடுகளில் ஒரே மருந்து. சிலவற்றில் இரண்டிரண்டு.

"கலங்கினா கிருமி பிழைச்சிருச்சு. தெளிவா இருந்தா செத்துருச்சு."

மின்னிக்கு அந்தப் பகல் நகரவே இல்லை. குட்டியின் நெற்றியை நக்குவாள், ஓடிப்போய் ஓடுகளை எட்டிப் பார்ப்பாள், மறுபடி வந்து நக்குவாள்.

"நீ முறைச்சுப் பார்த்தா கஞ்சிக்கு வெட்கம் வரும். போய்ப் படு," என்றாள் அக்கா. மாமாகூட இறங்கி வந்து பொட்டுவுக்கு ஈ ஓட்டினார்.

வெயில் சாய்ந்ததும் மூவரும் குனிந்து பார்த்தார்கள். பட்டை மட்டும் விட்ட ஓடு கலங்கியிருந்தது. காரவேர் விட்டது பாதிக் கலங்கல். இரண்டும் சேர்ந்ததோ அதைவிட மோசம்.

"அதெப்படி?" என்றார் மாமா.

"ரெண்டு பயில்வானும் ஒரே வாசல்ல முட்டிக்கிட்டா யார் உள்ளே போறது?"

மின்னி திரும்பிப் பொட்டுவைப் பார்த்தாள். அந்தச் சாற்றைக் காலையிலேயே ஊற்றியிருப்பாளே!

கடைசி ஓடு மட்டும் தெளிந்திருந்தது. அதில் பட்டையும் புளிப்புக்கீரையும் சேர்ந்திருந்தன.

"புளிப்புக்கீரையா? அது என் பல்லிடுக்குக்கே காணாதே," என்றார் மாமா.

"தனியா அதுக்குத் துப்பில்லதான். கிருமியோட தோலை இளக்க மட்டும் தெரியும். இளகின இடத்துல பட்டை நுழைஞ்சிடும்."

அன்று மாலையே முதல் வேளை கொடுத்தார்கள். மறுநாளும் உடம்பு கொதித்தது. மூன்றாம் நாள் காலை பொட்டு கண் விழித்து, பக்கத்தில் தொங்கிய மாமாவின் வாலை நறுக்கென்று கடித்தான்.

"பலமாத்தான் கடிக்கிறான்," என்று மாமா முனகினார். அதைக் கேட்டு மின்னி வெகுநேரம் அழுதாள்.

பயம் கைகாட்டும் மருந்தைவிட, பலசாலி என்று பெயரெடுத்த மருந்தைவிட, பொறுமையாகச் சோதித்துத் தெளிந்த மருந்தே பிள்ளையைக் காக்கும்.