மேல்துணி

“அந்தம்மாவை இன்னிக்கே அனுப்பிருங்க சாமி” என்றபடி குருவின் அறைக்குள் வந்தார் வேலுமயில். அறுபது வயதிலும் கோபம் மூக்கு நுனியில் நிற்கும் மனிதர்.

முப்பது வருடம் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்து, ஞானம் தேடி மடத்துக்கு வந்தவர். வந்த இடத்திலும் தையல்கூடம்தான் அவர் தலையில் விழுந்தது. குருவுக்கு அவரைவிட இருபது வயது குறைவு. எல்லோரும் அவரை சாமி என்றுதான் கூப்பிடுவார்கள்.

“யாரை?”

“தெய்வானையைத்தானுங்க. தையல் பழக வந்து மூணு வாரமாச்சு. ஊசி உடையுது, கோடு கோணுது. கத்திக் கத்தி என் தொண்டை வத்திப்போச்சு.”

வெள்ளத்தில் வீட்டைப் பறிகொடுத்தவர் தெய்வானை. கூடத்தை விட்டால் போக்கிடம் கிடையாது. அது வேலுமயிலுக்கும் தெரியும். தெரிந்துதான் சொன்னார்.

குரு எழுந்து கூடத்துக்கு நடந்தார். மத்தியானச் சாப்பாட்டு நேரம், யாருமில்லை. ஒரு மிஷினில், துணியை அமுக்கிப் பிடிக்கும் ஃபுட்டுக்கு அடியில், பாதி தைத்த போர்வை கிடந்தது. மேலே பூத்துணி, நடுவில் பஞ்சு, அடியில் வெள்ளைத்துணி.

“வாக்கிங் ஃபுட்டைக் கழட்டிட்டு, சாதா ஃபுட்டை மாட்டி ஒரு கோடு தையுங்க” என்றார் குரு.

வேலுமயிலுக்குச் சுருக்கென்றது. “மூணு அடுக்குக்கு சாதா ஃபுட்டுங்களா? தெரிஞ்சே கெடுக்கச் சொல்றீங்களே.”

“தையுங்க.”

முணுமுணுத்துக்கொண்டே மாட்டினார். தைத்தார். கோடு முடிந்தபோது பூத்துணி சுருங்கிச் சுருங்கி, ஓரத்தில் இரண்டு விரற்கடை வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. அவர் கை தானாகவே கத்தரியைத் தேடியது. அதற்குள் குரு அதை எடுத்துக்கொண்டார்.

“மூணு துணியும் ஒரே அளவாத்தானே வெட்டினீங்க?”

“ஆமாங்க.”

“அப்புறம் இது ஏன் மிச்சம்? உங்க கை சரியில்லையா?”

“என் கையா?” வேலுமயிலுக்கு முகம் சிவந்துவிட்டது. “முப்பது வருஷக் கைங்க சாமி இது. என்னைப் போய்க் குத்தம் சொல்றீங்களே. அடியில இருக்கிற பல்லு வெள்ளைத்துணியை இழுத்துட்டுப் போயிருது. ஃபுட்டு பூத்துணியை அமுக்கிப் பிடிச்சு நிறுத்திருது. அது பின்தங்காம என்ன செய்யும்?”

“வாக்கிங் ஃபுட் அமுக்காதா?”

“அமுக்கும். ஆனா ஒவ்வொரு தையலுக்கும் எழுந்து, துணியோடவே ஒரு எட்டு எடுத்து வைக்கும். அதான் பின்தங்கறதில்லை.”

குரு தலையாட்டினார். கத்தரி இன்னும் அவர் கையில்தான் இருந்தது.

“தெய்வானை தைக்கிறப்ப நீங்க எங்க இருப்பீங்க?”

“அவங்க தலைக்கு மேலதானுங்க” என்றார் வேலுமயில். அந்தக் கேள்வியே அவருக்கு அவமானமாக இருந்தது. “காலையில நின்னா சாயங்காலம் வரைக்கும் அங்கயேதான். ஒரு அடி நகர மாட்டேன்.”

குரு கத்தரியை அவர் முன்னால் வைத்தார்.

“அப்ப மிச்சத்தை வெட்டிருங்க. தெய்வானையையும் அனுப்பிரலாம்.”

வேலுமயில் கத்தரியைத் தொடவில்லை.