சளி வந்த வழி

கார்மலை நாட்டைக் கொடைமாறன் என்றொரு ராஜா ஆண்டுகொண்டிருந்த காலத்தில் நடந்தது இது. நல்ல ராஜாதான். ஆனால் காலையில் ஒரு கிணறு வெட்டச் சொல்வார், மாலையில் அதே கிணற்றைப் பார்த்து எவன் வெட்டியது என்று சீறுவார்.

அவருடைய அரண்மனையில் நாற்பது சன்னல்கள். விடியுமுன் அவற்றைத் திறந்துவிட்டுச் சபையைப் பெருக்குவது பொன்னாத்தாளின் வேலை. அவளுக்கு வாய்த்துடுக்கு கொஞ்சம் அதிகம். அவள் பேச்சுக்கு ராஜா வாய்விட்டுச் சிரிப்பார். அரண்மனை வைத்தியர் பரஞ்சோதிப் பண்டிதருக்கு அதுதான் வயிற்றெரிச்சல். அவர் வைத்தியத்தையே செய்யுளாகப் பாடுவார். ராஜாவுக்குக் கொட்டாவிதான் வரும்.

ஒரு மார்கழியில் ராஜாவுக்குச் சளி பிடித்தது. சபையில் பாதிப்பேர் தும்மினார்கள். மைத்துனன் கல்யாணத்திலிருந்து நாலு நாள் முன்பே தும்மிக்கொண்டு திரும்பிய பண்டிதர் எழுந்து நின்றார்.

"அரசே, குளிர்காற்றே நோய்க்கு மூலம். சன்னலைத் திறந்து அதை உள்ளே விட்டவள் இந்தப் பொன்னாத்தாள்."

ராஜாவுக்குத் தலைவலி வேறு. "எல்லாச் சன்னலையும் சாத்துங்கள். சபைக்குள் நோயைக் கொண்டுவந்தவர் நாளைப் பொழுது சாயுமுன் நாட்டைவிட்டுப் போகவேண்டும்" என்று சொல்லிவிட்டார்.

பொன்னாத்தாள் துடைப்பத்தைச் சுவரோரம் சாய்த்தாள். மூன்று பிள்ளைகளை இழுத்துக்கொண்டு எந்த ஊருக்குப் போவாள்? பயத்தை விழுங்கிக்கொண்டு கேட்டாள்.

"மகாராஜா, மதில்மேல நிக்கிற காவக்காரங்க பனியிலயே கெடக்காங்க. ஒருத்தரும் தும்மலயே?"

"அவர்களுக்குத் தடித்த தோல்" என்றார் பண்டிதர்.

"சரிங்க சாமி. நாளைக்குச் சபை கலையறதுக்குள்ள சளி வந்த வழியக் காட்டுறேன். காட்டலன்னா நானே கெளம்பிடுறேன்."

அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. பேச எழுபவருக்கு ஒரு செம்பட்டுச் சால்வையைப் போர்த்துவார்கள். முதலில் பாட எழும் பண்டிதரிடம் அது தொடங்கும். பேசப் பேச ஆள் மாறும். கடைசியில் ராஜாவின் தோளுக்குப் போகும். பேசும்போது மூக்கு ஒழுகினால் ஓரத்தால் துடைத்துக்கொள்வதும் வழக்கம். கௌரவச் சால்வையாயிற்றே, யாரும் குறை சொல்வதில்லை.

மறுநாள் காலை சால்வையை மடித்துவைத்தவள் பொன்னாத்தாள்தான். சன்னல் ஒன்றுகூடத் திறக்கவில்லை. சபை புழுங்கியது. சால்வை ஊர்வலம் போனது. பொழுது சாயும் நேரம் சபையில் ஒரே கண்ஜாடை. ஆனால் ராஜாவின் முகத்தைப் பார்த்ததும் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

பொன்னாத்தாள் ஒரு கண்ணாடியை ராஜாவின் முன் நீட்டினாள். ராஜாவின் மூக்கு நுனி செக்கச்செவேல் என்றிருந்தது. அவர் சபையைப் பார்த்தார். பண்டிதர், தளபதி, மந்திரி, அத்தனை மூக்கும் சிவப்பு.

"என்ன விளையாட்டு இது?"

"சால்வை ஓரத்துல ஒரு சிட்டிகை குங்குமம் வச்சேன் மகாராஜா. சிவப்புத் துணியில தெரியல. பண்டிதர் மூக்குல கெளம்பி உங்க மூக்குல வந்து உக்காந்திருக்கு. நாற்பது சன்னலும் சாத்தித்தான் இருந்தது. சளியும் இதே வழியிலதான் வந்துச்சு."

"அப்படியானால் குளிர்மேல் குற்றமே இல்லையா?"

"கதவச் சாத்தி நம்மள நெருக்கி ஒக்கார வைக்குதே, அந்தக் குற்றம் அதுக்கு உண்டுங்க."

ராஜா சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் பண்டிதர் பக்கம் திரும்பினார். "முதலில் தும்மியவர் நீர்தானே? நோயைக் கொண்டுவந்தவருக்கு நான் இட்ட தண்டனை நினைவிருக்கிறதா?"

பண்டிதர் மேல்துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். பொன்னாத்தாளுக்கே பாவமாகிவிட்டது. "தெரியாம ஒட்டிக்கிட்ட நோவுக்கு ஊரைவிட்டுத் துரத்தலாமா மகாராஜா? சளி போறவரைக்கும் அவரு வீட்டுல இருக்கட்டும்."

"நோய்க்கு மன்னிப்பு உண்டு, பழி போட்டதற்குக் கிடையாது" என்றார் ராஜா. அன்றே பொன்னாத்தாளைச் சன்னல்களுக்கெல்லாம் அதிகாரியாக்கினார். சளி தீர்ந்து திரும்பும் பண்டிதர், பங்குனி பிறக்கும்வரை அவள் சொல்படி சன்னல் திறக்கவேண்டும் என்றார்.

கொட்டும் பனியில் பண்டிதர் தினமும் நாற்பது சன்னலையும் திறந்தார். பொன்னாத்தாள் நின்று எண்ணிக்கொண்டிருப்பாள். ஒரே ஒரு தும்மலாவது வராதா என்று மனிதர் ஏங்கிப்போனார். பங்குனிவரை வரவே இல்லை.