தவளைக்குப் பூசிய சாம்பல்

மூங்கில் காட்டுக்குள் ஒரு மடு இருந்தது. அதில் கருமாயி என்ற எருமையும் சிட்டாள் என்ற தவளையும் ஒன்றாகக் காலம் தள்ளினார்கள்.

கருமாயி பகலெல்லாம் தண்ணீரில் கிடப்பாள். சிட்டாள் அவள் முதுகில் ஏறி உட்கார்ந்துகொள்வாள். எருமையைக் கடிக்க வரும் ஈக்களை நாக்கை நீட்டிப் பிடித்துத் தின்பாள். ஒருத்திக்குக் கடி ஒழிந்தது, இன்னொருத்திக்கு வயிறு நிறைந்தது. அப்படித்தான் பழக்கம் தொடங்கியது. போகப் போக, ஈ இல்லாத நாளிலும் சிட்டாள் அந்த முதுகைவிட்டு இறங்கவில்லை.

ஒரு மழைக்காலம் முடிந்ததும் கருமாயியின் கழுத்து மடிப்பில் சொறி வந்தது. எப்போதும் சேறும் ஈரமுமாகக் கிடந்த இடம் அது. ஊறி ஊறிப் புண்ணாகிவிட்டது. நீர் வடிந்தது. நாற்றம் அடித்தது. தண்ணீர் குடிக்க வரும் மான்கள் அவளைக் கண்டதும் அடுத்த கரைக்குப் போயின. காட்டுப்பன்றிகூட மூக்கைத் திருப்பிக்கொண்டது.

சிட்டாள் மட்டும் போகவில்லை. புண்ணில் உட்காரும் ஈக்களைப் பொழுதெல்லாம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"உனக்கு அருவருப்பா இல்லையா சிட்டாள்?" என்று கருமாயி ஒருநாள் கேட்டாள்.

"எதுக்கு அக்கா? இது உன் கழுத்துதானே" என்றாள் சிட்டாள்.

மடுவின் கரையில் ஒரு மருதமரம். அதில் வண்ணமுத்தன் என்ற பச்சோந்தி இருந்தான். தோல் வைத்தியத்தில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்று அவன் சொல்லிக்கொள்வான்.

"நான் நினைச்சா பச்சை, நினைச்சா பழுப்பு. தோலைப் பத்தி என்னைவிட யாருக்குத் தெரியும்?" என்பான். கேட்பவர்கள் தலையாட்டுவார்கள்.

கருமாயி அவனிடம் போய்க் கழுத்தைக் காட்டினாள். வண்ணமுத்தன் ஒரு கண்ணால் அவளையும் மறு கண்ணால் வேறெங்கோவும் பார்த்தான்.

"காட்டுத்தீ எரிஞ்ச மேடு இருக்குல்ல, அங்க சாம்பல் கிடக்கு. அதை அப்பிக்கிட்டு வெயில்ல பாறைமேல நில். கழுத்துல தண்ணி படக் கூடாது. எரியும். எரிஞ்சா மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம். பொறுத்துக்கோ."

கருமாயி அப்படியே செய்தாள். சாம்பல் பட்டதும் கழுத்து தீயாய் எரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். ஈரத்தால் வந்த புண் அல்லவா? ஈரம் போனதும் புண் காய்ந்தது. பொருக்கு உதிர்ந்தது. கொஞ்ச நாளில் கழுத்து புதுத்தோலோடு கருகருவென்று மின்னியது.

மான்கள் பழைய கரைக்குத் திரும்பி வந்தன. காட்டுப்பன்றி அவள் அருகில் வந்து படுத்தது. கருமாயிக்கு உயிர் திரும்பி வந்ததுபோல் இருந்தது. பார்த்தவர்களிடமெல்லாம் கழுத்தை நீட்டிக் காட்டி, வண்ணமுத்தனின் பெருமையைப் பேசினாள். மருதமரத்தடியில் கூட்டம் சேர்ந்தது. வறண்ட தோலோடு வந்தவர்க்கும் சாம்பல்தான், எண்ணெய் வழியும் தோலோடு வந்தவர்க்கும் சாம்பல்தான். கூட்டத்தோடு வந்த ஈக்களை வண்ணமுத்தன் இருந்த இடத்திலிருந்தே பிடித்துத் தின்றான். அவன் வயிறு பெருத்தது.

பிறகு கோடை வந்தது. மடு வற்றியது. மிஞ்சிய தண்ணீரில் பாசி படர்ந்து நாறியது. அந்தத் தண்ணீரிலேயே கிடந்த சிட்டாளின் முதுகில் வெள்ளை வெள்ளையாகத் திட்டுகள் வந்தன. தோல் உரிந்தது. பிடித்த ஈயை விழுங்கக்கூடத் தெம்பில்லாமல் வாயில் வைத்துக்கொண்டிருந்தாள்.

கருமாயி அதைக் கண்டு பதறிப்போனாள்.

"ஏன்டி என்கிட்ட சொல்லல? வா, வைத்தியர்கிட்ட போகலாம்."

"அவர் வேண்டாம் அக்கா," என்றாள் சிட்டாள். "இது கெட்ட தண்ணியால வந்தது. மலையடிவாரத்துல பாறை இடுக்குல ஒரு ஊத்து இருக்கு. அங்க எப்பவும் நல்ல தண்ணி சொட்டும். அதுல கிடந்தா தோல் தானா சரியாயிடும். அவ்வளவு தூரம் என்னால தத்திப் போக முடியாது. உன் முதுகுல வெச்சுக் கொண்டு போறியா?"

கருமாயி யோசித்தாள். ஊற்று தூரம்தான், ஆனால் அவளுக்கு அது ஒரு பொருட்டில்லை. அவள் மனத்தில் ஓடியது வேறு. தண்ணீரில் கிடந்ததால்தானே தனக்குப் புண் வந்தது? தண்ணீரைவிட்டு வெளியே வந்த பிறகுதானே ஆறியது? புண்ணோடு தண்ணீரைத் தேடிப் போகிறேன் என்கிறாளே, இவளுக்கு என்ன தெரியும்?

"முதுகுல ஏறு" என்றாள்.

சிட்டாள் நன்றியோடு ஏறிக்கொண்டாள். ஆனால் கருமாயி மலைப் பக்கம் திரும்பவில்லை. எரிந்த மேட்டுக்குப் போனாள்.

சாம்பலைக் கண்டதும் சிட்டாள் அவள் முதுகோடு ஒட்டிக்கொண்டாள்.

"அக்கா, இது எனக்கு ஆகாது. உன் தோல் வேற, என் தோல் வேற. உனக்கு மூக்கு மட்டும் மூச்சு விடுது. எனக்குத் தோலும் மூச்சு விடுது. நான் தண்ணி குடிக்கிறதே தோலாலதான். அது காஞ்சா நான் செத்துடுவேன்."

"எனக்கும் முதல்ல பயமாத்தான் இருந்துச்சு" என்று கருமாயி பரிவோடு சொன்னாள். "என் கழுத்தைப் பாரு. நான் உன்கிட்ட பொய் சொல்லுவேனா?"

தன் மூக்காலேயே சிட்டாளைச் சாம்பலில் மெல்லப் புரட்டினாள். எங்கும் விட்டுப்போகாமல் பார்த்துப் பார்த்துப் பூசினாள். பிறகு பாறைமேல் கொண்டுபோய் இறக்கினாள்.

"எரியுது அக்கா" என்றாள் சிட்டாள்.

"எரியட்டும். எரிஞ்சாத்தான் குணமாகும்."

சிட்டாள் பாறை விளிம்பை நோக்கித் தத்தினாள். கருமாயி மூக்கால் தடுத்துத் திரும்ப நடுவில் வைத்தாள். சிட்டாள் மறுபடியும் தத்தினாள். கருமாயி மறுபடியும் எடுத்து வைத்தாள். மேலே ஒரு பருந்து வட்டமிட்டது. கருமாயி கொம்பை உயர்த்தி உறுமி அதை விரட்டினாள். தன் நிழல் சிட்டாளின்மேல் விழுவதைக் கவனித்தாள். வெயில் குறைவாகப் பட்டால் குணம் தாமதமாகுமே என்று ஓரமாக நகர்ந்து நின்றாள்.

கொஞ்ச நேரத்தில் சிட்டாள் தத்துவதை நிறுத்தினாள். அவள் தூங்கிவிட்டதாகக் கருமாயி நினைத்தாள். வலி விட்டுப்போனதால்தான் தூங்குகிறாள், நாமும் அன்றைக்கு வலி விட்டதும் அப்படித்தானே தூங்கினோம் என்று எண்ணி மகிழ்ந்தாள்.

வெயில் சாய்ந்தது.

"எழுந்திரு சிட்டாள், இன்னைக்கு இது போதும்" என்றாள் கருமாயி.

மூக்கால் தொட்டாள். சிட்டாளின் வயிற்றுத்தோல் பாறையோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

அதன்பிறகு கருமாயி ஓடியதுபோல் எந்த எருமையும் ஓடியதில்லை. சிட்டாளை வாயில் மெல்லக் கவ்விக்கொண்டு, முள்ளென்றும் கல்லென்றும் பாராமல் மலையடிவாரத்துக்கு ஓடினாள். பாறை இடுக்கில் ஊற்று சொட்டிக்கொண்டிருந்தது. சிட்டாள் சொன்னபடியே தெளிந்த, குளிர்ந்த தண்ணீர். அதன்கீழ் அவளைக் கிடத்தினாள்.

சாம்பல் கரைந்து வழிந்தது. உள்ளே இருந்த தோல் சருகுபோல் சுருங்கியிருந்தது. சிட்டாளின் தொண்டை ஒரே ஒரு தடவை அசைந்தது. கருமாயி மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். அது மறுபடி அசையவில்லை.

"உன்னை இங்கதானே கொண்டுவரச் சொன்னே" என்று கருமாயி முனகினாள். "இங்கதானே."

மறுநாள் அவள் மருதமரத்தடிக்குப் போனாள். வழக்கம்போலக் கூட்டம் நின்றது.

"உங்க மருந்துல சிட்டாள் செத்துட்டா" என்றாள்.

வண்ணமுத்தன் கொஞ்சமும் அசையவில்லை. "தண்ணி பட விட்டியா?"

"கடைசியில ஊத்துக்குக் கொண்டு போனேன்."

"அதுதான். சாம்பல் வேலை செய்யுற நேரத்துல தண்ணியை ஊத்தி மருந்தை முறிச்சுட்ட. அவளைக் கொன்னது ஊத்துத் தண்ணி."

கூட்டம் முணுமுணுத்தது. சிலர் கருமாயியைக் கோபமாகப் பார்த்தார்கள். அவன் சொல்வது பொய் என்று கருமாயிக்குத் தெரிந்தது. ஆனால் அந்தப் பொய்யை ஊருக்கெல்லாம் சுமந்து விற்றவள் தான்தான் என்பதும் தெரிந்தது.

வரிசையின் முன்னால் நீலாயி என்ற நீர்நாய் நின்றாள். வயிற்றில் அரிப்பு என்று வந்திருந்தாள். கருமாயி அவளுக்கு முன்னால் போய் மண்டியிட்டாள்.

"வேண்டாம் நீலாயி. உன் மயிர்ல ஊறுற எண்ணெய்தான் உடம்புல தண்ணி ஏறாம உன்னைக் காக்குது. சாம்பல் அந்த எண்ணெயை உறிஞ்சிடும். அப்புறம் நீ ஆத்துல இறங்கவே முடியாது."

நீலாயி அவள் கழுத்தையே உற்றுப் பார்த்தாள்.

"உன்னை இதே மருந்துதானே குணமாக்குச்சு?"

"ஆமா. ஆனா எனக்கு வந்தது வேற..."

"நேத்துவரைக்கும் கழுத்தைக் காட்டி எல்லாரையும் நீதானே கூப்பிட்டே? நாத்தம் பிடிச்சுத் தனியா நின்னவ இப்போ மினுமினுன்னு இருக்கே. நீ நல்லாயிட்டே, அடுத்தவங்க நல்லாகக் கூடாதா?"

நீலாயி அவளைச் சுற்றிக்கொண்டு எரிந்த மேட்டுக்கு நடந்தாள். அவள் பின்னால் மற்றவர்களும் நடந்தார்கள்.

கருமாயி தன் கழுத்தை மருதமரத்தில் தேய்த்தாள். பட்டை உரிந்தது. பளபளப்பு போகவில்லை. அது எவ்வளவு நல்ல தோலாக இருந்ததோ, அவள் பேச்சு அவ்வளவுக்கு எடுபடாமல் போயிற்று. தூரத்துக் காடுகளிலிருந்துகூட விலங்குகள் வந்தன. எருமையைக் குணமாக்கிய வைத்தியர் எங்கே இருக்கிறார் என்று எருமையிடமே வழி கேட்டன. அவள் தலையை ஆட்டி, போகாதீங்க என்பாள். அவை சிரித்துவிட்டுப் போகும்.

சில நாள் கழித்து நீலாயி மீன் பிடிக்க ஆற்றில் இறங்கினாள். எண்ணெய் வற்றிய மயிர் தண்ணீரைக் குடித்துக் கனத்தது. குளிர் எலும்புவரை ஏறியது. அவள் கரை சேரவில்லை.

அன்றும் மருதமரத்தடியில் கூட்டம் குறையவில்லை. ஆளில்லாத முதுகோடு கருமாயி மடுவின் ஓரத்தில் நின்றாள். ஈக்கள் மொய்த்தன. அவள் வாலைக்கூட வீசவில்லை.

நமக்குக் குணம் தந்தது என்பதற்காக, மற்றவர் உடம்பின் இயல்பைக் கேட்காமல் அதே மருந்தை அவருக்குப் பூசினால், அன்பும் நஞ்சாகிவிடும்.