துரைக்கண்ணு வைத்த விலாக்கட்டை

மாசிலாமணிக்குத் தலை கிறுகிறுத்தது. ஆற்றில் புது வெள்ளம் வருவதற்குள் தோணியை இறக்கியாக வேண்டும். இல்லாவிட்டால் அக்கரை ஜனங்கள் வேறு தோணிக்காரனைப் பிடித்துக்கொள்வார்கள். அப்புறம் பிழைப்பு அவ்வளவுதான்.

கரையேற்றிய தோணிக்குள், பலகைகளைத் தாங்கி நிற்கும் விலாக்கட்டைகள் உளுத்துப்போயிருந்தன. மாற்றுவதற்கு வழி கேட்டுத்தான் குருவிடம் போனான். குரு காவி கட்டுமுன் தோணி கட்டியவர். சீடனைவிட வயதில் இளையவர். அதில் மாசிலாமணிக்கு உள்ளூரக் குறைதான்.

வேங்கை போடலாமா என்று கேட்டான். போடலாம் என்றார். வேம்பு? அதையும் போடலாம். இரும்பாணியா, மரமுளையா? எது கையில் இருக்கிறதோ அது. இதெல்லாம் ஒரு பதிலா என்று முணுமுணுத்துக்கொண்டே வந்து, கைக்கு வந்த கட்டைகளைக் கழற்றி வீசினான்.

மறுநாள் வந்து பார்த்தால் அவை பழைய இடத்தில் கயிற்றால் கட்டப்பட்டிருந்தன. குருதான் கட்டினாராம். மறுபடி கழற்றினான். மறுபடி கட்டியிருந்தார்.

"என்னைப் பைத்தியமாக்கப் பாக்குறீங்களா, சாமி?"

"எதுக்கு இவ்வளவு அவசரமாக் கழட்டுற?"

"துரைக்கண்ணு வச்ச கட்டை, சாமி. என் தங்கச்சியைக் கட்டிக்கிட்டு, கூட்டுத் தொழிலை உதறிட்டுப் போனவன். அவன் கை பட்ட சிராய்கூட இதுல இருக்கக் கூடாது."

"அப்ப எல்லாத்தையும் எடுத்துடு" என்றார் குரு.

நேற்றுவரை கட்டிவைத்தவர் இன்று எடுக்கச் சொல்கிறார். ஒன்றும் புரியாமல், ஒன்று விடாமல் பிடுங்கிக் குவித்தான். மதியத்துக்குள் வெயிலில் தோணி வாயைப் பிளந்துவிட்டது. புதிதாக அறுத்த வேங்கைக் கட்டையை வைத்தான். ஒரு பக்கம் எட்டவில்லை. மறுபக்கம் பலகையை முட்டித் தள்ளியது.

குரு வந்தார். குவியலிலிருந்து ஓர் உளுத்த கட்டையை எடுத்து உள்ளே வைத்து, பலகைகளைக் கயிறு போட்டு இழுத்தார். அங்கே மட்டும் தோணி தோணியானது.

"உளுத்த கட்டை எதைத் தாங்கும், சாமி?"

"எதையும் தாங்காது. தோணி எவ்வளவு அகலம்னு அதுக்குத்தான் தெரியும். அதைப் பாத்துப் பக்கத்துல புதுசை வை. அப்புறம் பழசை எடு."

மாசிலாமணி அடுத்த கட்டையை எடுத்தான். தலைப்பக்கம் வைத்துப் பார்த்தான். நடுவில் வைத்துப் பார்த்தான். எங்கும் ஒட்டவில்லை.

"எது எந்த இடத்துக் கட்டைன்னு தெரியலையே, சாமி."

குரு கையிலிருந்த தூசியைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

"வச்சவனுக்குத் தெரியும்."