பியோன் வீட்டுப் பத்தினி வாசல்

தொப்பியின் விளிம்பு அகல அகல, உள்ளே இருக்கும் மூளையும் அகலும் என்று மனமார நம்பிய நாடு ஒன்று இருந்தது. ஜோசோன் என்று பெயர், இன்றைய கொரியா. கன்பூசியஸ் சொன்னார் என்று சொல்லிச் சொல்லியே ஒரே வம்சம் அங்கே ஐந்நூறு ஆண்டு ஆண்டது. எப்படிக் குனிவது, எப்படி அழுவது, எத்தனை மாதம் அழுவது, எல்லாவற்றுக்கும் விதி உண்டு. அழுகையின் கால அளவுக்காகவே அமைச்சர்கள் கட்சி பிரிந்து ஒருவரையொருவர் நாடு கடத்திக்கொண்டார்கள். படித்தவர்கள் அல்லவா.

கணவன் இறந்ததும் தானும் உயிரை விட்ட பெண்ணுக்கு அந்த அரசாங்கம் ஒரு மரியாதை வைத்திருந்தது. அவள் வீட்டு முன்னால் சிவப்பு மரத்தில் ஒரு வாசல் கட்டிக் கொடுக்கும். பத்தினி வாசல். வாசல் வந்தால் வீட்டுக்கு வரி குறையும், பெயர் உயரும். வாசலில் கணவன் பெயரைச் செதுக்குவார்கள். அவள் பெயர் யாருக்கும் தெரியாது, இன்ன குடும்பத்துப் பெண் என்பதோடு சரி. இத்தனைக்கும் செலவு ஒரே ஒரு மருமகள். அவளும் வேறு வீட்டிலிருந்து வந்தவள்தானே.

சடங்குத் துறை அமைச்சர் பியோன் சங்-யுன்னின் மகன் ஒரு குளிர்காலத்தில் காய்ச்சல் கண்டு இறந்தான். வசந்தம் வந்ததும் அமைச்சர் அரசவைத் தரையில் நெற்றியை வைத்தார்.

"அரசே, என் மருமகள், சோல் குடும்பத்துப் பெண், உண்ணாமல் உயிர்விடத் தீர்மானித்திருக்கிறாள். வாசலுக்கு முன்கூட்டியே அனுமதி வேண்டும். மரம் வெட்டிக் காய வைக்க நாளாகும்."

அரசர் இளையவர். பட்டத்துக்கு வந்து அதிக நாள் ஆகவில்லை. மறுத்தால், கற்பை அவமதித்த அரசன் என்று விடிந்ததும் அறிஞர்கள் பாயோடு வந்து அரண்மனை முன்னால் உட்கார்ந்து ஒப்பாரி வைப்பார்கள். அவர் தாக் இன்-போவைப் பார்த்தார். தினமும் அரசருக்கு நூல்களைப் படித்துப் பொருள் சொல்பவர் தாக் இன்-போ. சின்னப் பதவி, நீண்ட நாக்கு.

"அந்தப் பெண் சாப்பிடுகிறாளா, பெருமகனாரே?" என்றார் தாக் இன்-போ.

"தொடுவதே இல்லை."

"சோறு வைத்தீர்களா?"

"வைத்தால் தொட்டுவிடுவாளே, ஐயா."

அவையில் யாரோ இருமினார்கள்.

"அறைக் கதவு?"

"பூட்டியிருக்கிறோம். உறுதி குலையக் கூடாதல்லவா?"

தாக் இன்-போ அரசரிடம் திரும்பினார். "தாராளமாக அனுமதி கொடுங்கள், அரசே."

அரசருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அமைச்சருக்கு அதைவிட. இந்த ஆள் வாயிலிருந்து நல்ல வார்த்தை வந்து அவர் கேட்டதில்லை.

"ஒரு சின்னச் சந்தேகம் மட்டும்," என்றார் தாக் இன்-போ. "கணவன் போனால் மனைவி ஏன் போக வேண்டும்?"

அமைச்சர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "நூல் படிப்பவர் கேட்கிற கேள்வியா இது? மனைவி கணவனை 'நாங்குன்' என்று அழைக்கிறாள். அதில் வரும் 'குன்' யார்?"

'குன்' என்றால் அரசன். நம் மொழியில் 'பதி' என்ற சொல் தலைவனுக்கும் கணவனுக்கும் பொதுவாக உழைப்பதுபோல், அவர்கள் மொழியில் இது உழைக்கிறது.

"அரசன்," என்றார் தாக் இன்-போ பணிவாக.

"அதேதான். குடிக்கு அரசன் குன், மனைவிக்குக் கணவன் குன். சொல் ஒன்று, கடமை ஒன்று. குன் போன பிறகு உயிருக்கு என்ன வேலை?"

"அருமை. நம் மறைந்த அரசர் உங்களுக்கு யார்?"

"என்ன கேள்வி? அவர் என் குன்."

"அவர் மறைந்தபோது நீங்கள் சாப்பிட்டீர்களா?"

அமைச்சர் விழித்தார். "முதலில் கஞ்சி மட்டும்."

"பிறகு?"

"பிறகு சோறு."

"பாவம், உங்கள் கதவை யாரும் பூட்டவில்லை," என்றார் தாக் இன்-போ.

அரசர் முகத்தைக் கைவிசிறியால் மறைத்துக்கொண்டார். அமைச்சரின் கழுத்து சிவந்தது.

"புதிய அரசருக்குப் பணி செய்யவே நான் உயிரோடு இருக்கிறேன்!"

"அடடா, ஒரு குன் போய் இன்னொரு குன் என்றால் அது மறுமணம்." தாக் இன்-போ வருத்தத்தோடு தலையை ஆட்டினார். "மறுமணம் செய்தவளின் பிள்ளைகள் அரசுத் தேர்வு எழுதக் கூடாது என்று சட்டம். அதைக் காப்பதும் உங்கள் துறைதான். உங்களுக்கு இன்னும் இரண்டு பையன்கள் இந்த ஆண்டு எழுதுகிறார்கள், இல்லையா?"

பிள்ளைகளின் தேர்வு என்றதும் அமைச்சருக்கு வியர்த்தது. "மறுமணம் இல்லை, ஐயா. என் மனம் என்றும் பழைய குன்னிடம்தான். அவரைப் பின்தொடரும் நாளுக்காகத்தான் காத்திருக்கிறேன்."

அவை முழுக்கக் கேட்கும்படி சொன்னார். சொன்ன பிறகுதான் சொன்னது காதில் விழுந்தது.

"கேட்டீர்களா, அரசே? அனுமதியை எழுதலாம்," என்றார் தாக் இன்-போ. "ஆனால் முறை தவறக் கூடாது. மாமனார் மூத்தவர். குன்னை முதலில் இழந்தவரும் அவரே. அவர் காத்திருக்கும்போது மருமகள் முந்திக்கொண்டால் இந்த நாட்டில் மரியாதை என்ன ஆவது?"

அரசர் விசிறியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். சிரித்து முடித்ததும் ஆணை பிறந்தது. பியோன் வீட்டுக்கு வாசல் உண்டு. மூத்தவர் முதலில். இளையவள் தன் முறை வரும்வரை உடம்பைக் காக்க வேண்டும். கதவைத் திறந்து, வேளாவேளைக்குச் சோறு போட வேண்டும். சரியாகச் சாப்பிடுகிறாளா என்று பார்க்க அரண்மனைச் சமையல்காரி ஒருத்தி போவாள்.

தாக் இன்-போவுக்கு ஒரு குதிரை கிடைத்தது. வாசலுக்கு மரமும் வெட்டி அமைச்சர் வீட்டில் இறக்கினார்கள். அது காய்ந்தது, வெடித்தது, கடைசியில் அடுப்புக்குப் போனது. அந்த அடுப்பில் வெந்த சோற்றைச் சோல் குடும்பத்துப் பெண் வயிறாரச் சாப்பிட்டாள்.

பியோன் அவசரப்படவே இல்லை.