வெப்பாயியின் தலைப்பிரசவம்

மீனும் காற்றும் வாய் ஓயாமல் பேசித் திரிந்த அந்தக் காலத்தில், ஒரு நாள் பொழுது சாய்ந்து இருட்டிய பிறகு, கடலுக்கு அடியிலிருந்து 'கொளக்... கொளக்...' என்று ஒரு சத்தம் எழுந்தது. வெப்பாயி அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள்.

வெப்பாயி கடலின் மேல்தண்ணீர். வெயிலைக் குடித்து வெதுவெதுப்பாக இருப்பவள். பிறந்தது மேற்கே, நம் பக்கம். வாழ்க்கைப்பட்டது கிழக்குக் கரையில். இப்போது வயிற்றில் மேகம். உலகத்துக்கே அதுதான் முதல் மேகம். அதுவரை தரையில் இருந்த உயிரெல்லாம் பனித்துளியை நக்கித்தான் பிழைத்துக் கிடந்தன.

"ஆமை அக்கா, என்ன சத்தம் அது?"

துணைக்குப் படுத்திருந்த மருத்துவச்சி ஆமை ஒரு கண்ணைத் திறந்தாள். "உன் மாமியார்தான். மேலே வருகிறாள்."

மாமியார் குளிராத்தா ஆழத்தில் கிடக்கும் குளிர்ந்த தண்ணீர். கெட்டவள் இல்லை. பேரப்பிள்ளையைத் தான்தான் முதலில் கையில் ஏந்த வேண்டும் என்ற ஆசை. ஆனால் அவள் கை பட்டால் வெப்பாயி சில்லிட்டுப்போவாள். சில்லிட்ட வயிற்றில் மேகம் தங்காது.

"ஆசையாக வருகிறவளை வராதே என்று எப்படி அக்கா சொல்வது?"

"சொல்லாதே, கிளம்பு. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தானே?"

"அழைத்துப்போக யாரும் வரவில்லையே."

அந்த நேரம் பார்த்து மூச்சிரைக்க வந்து நின்றான் அவள் அண்ணன் கொண்டல். கிழக்கே ஊர்சுற்றப் போயிருந்த காற்று அவன்.

"வளையல் எங்கே, கட்டுச்சோறு எங்கே?" என்றாள் ஆமை. "வெறுங்கையை வீசிக்கொண்டா வந்தாய்?"

"வீசுவதுதானே அக்கா என் வேலை. மற்றதெல்லாம் மறந்துபோயிற்று."

"சீர் இல்லாமல் என் மருமகள் வாசல் தாண்டமாட்டாள்" என்று காலடியிலேயே கேட்டது குளிராத்தாவின் குரல். வெப்பாயியின் பெருவிரலில் ஜில்லென்று ஏதோ பட்டது. வயிற்றுக்குள் ஒரு முறை உதைத்த மேகம், அப்புறம் அசையவில்லை.

"அண்ணே, தள்ளு."

தள்ளினான் பாருங்கள். கடலின் மேல்பாதி முழுவதும் மேற்கே பாய்ந்தது. சூரைமீன்கள் உருண்டன, ஆமை அலைமேல் தலைகீழாகப் போனாள். காலியான கிழக்கில் குளிராத்தா பொங்கி மேலேறித் துரத்தினாள்.

தாய்வீட்டுக்குள் கால் வைத்ததும் பிறந்தது பிள்ளை. கன்னங்கரேல் என்று, இடியாக அழுதுகொண்டு. மழை கொட்டியது. முயலும் நரியும் பக்கத்தில் பக்கத்தில் நின்று வாயைத் திறந்தன.

ஒருக்களித்த கதவருகே குளிராத்தா வந்து நின்றாள். "அடுத்த பிள்ளை என் வீட்டில்தான். சம்மதிக்கும்வரை நகரமாட்டேன்."

வெப்பாயி பிள்ளையை இறுக்கி அணைத்துக்கொண்டாள். "சரி அத்தை. ஆனால் நீங்கள் அடியிலேயே படுத்திருக்க வேண்டும்."

"இருக்கிறேன். இந்தப் பேரனை மட்டும் ஒரே ஒரு தடவை தொட்டுக்கொள்கிறேன்."

கை உள்ளே நீண்டது.

அன்று தொடங்கியதுதான் இது: அண்ணன் மறக்காமல் வந்து அழைத்துப்போன வருடம் நம் பக்கம் மழை, கிழக்கே கரை காய்கிறது, அவன் மறந்த வருடம் பிரசவம் அங்கேயே, அங்கே வெள்ளம், நமக்குப் புழுதி. எந்தக் கரையானாலும், வயிறு கனத்ததும் வெப்பாயி, அன்று செய்த மாதிரியே, கதவை அறைந்து சாத்தி உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொள்கிறாள்.