கொக்கிடம் யாரும் கேட்கவில்லை

கரும்பாறைக் காட்டில் சிலிர்ப்பி என்றோர் இளம் முள்ளம்பன்றி இருந்தாள். அவளுக்கு ஒரே ஆசை. நூல் எழுத வேண்டும், அதுவும் வணிகத்தைப் பற்றி எழுத வேண்டும்.

அந்தக் காட்டில் வணிக நூல் எழுதும் இளையவர்களுக்கு ஒரு பரிசு உண்டு. எழுதி முடித்த நூலுக்கு அல்ல, எழுதப்போகும் நூலின் திட்டத்துக்குத்தான் பரிசு. வென்றவருக்கு ஒரு பருவம் முழுவதும் சாப்பாடும், மழை ஒழுகாத ஒரு குகையும் கிடைக்கும். இரை தேடி அலையாமல் நூல் வேலையைப் பார்க்கலாம். முறக்காதி என்ற யானைதான் நடுவர்.

சிலிர்ப்பி எழுத நினைத்தது குளக்கரைச் சந்தையின் கதையை. ஒரு காலத்தில் அங்கே கூட்டம் அலைமோதும். அவளுடைய அம்மா கிழங்கு விற்றாள். கரடி தேன் விற்றது. நெடுங்காலன் என்ற கொக்கு மீன் விற்றார். மீனுக்காக வந்தவர்கள்தான் கிழங்கும் தேனும் வாங்கிப் போனார்கள். ஒரு கோடையில் மீன் வரத்து நின்றது. கூட்டம் குறைந்தது. கடைகள் ஒவ்வொன்றாக மூடின. அம்மா இப்போது மலை தாண்டிக் கிழங்கு சுமக்கிறாள்.

"கொக்கு மீனையெல்லாம் ஒளித்துவைத்து மேற்குக் காட்டில் விற்றுவிட்டது!" என்று காடே சொன்னது. அன்றிலிருந்து நெடுங்காலனோடு யாரும் பேசுவதில்லை.

சிலிர்ப்பியும் அதை நம்பித்தான் வளர்ந்தாள். 'சந்தையைக் கவிழ்த்த கொக்கு' என்று நூலுக்குத் தலைப்பே வைத்துவிட்டாள். திட்டம் மளமளவென்று ஓலையில் ஏறியது. ஓர் இடத்தில் மட்டும் எழுத்தாணி நின்றது. மீனை எங்கே ஒளித்தார்? அம்மாவைக் கேட்டாள், தெரியவில்லை. கரடியைக் கேட்டாள், அதற்கும் தெரியவில்லை.

'கொக்கிடமே கேட்டுவிட்டால் என்ன?' என்று நினைத்துக் கிளம்பினாள்.

குளத்தின் மறுகரையில் நெடுங்காலன் தனியாக நின்றிருந்தார். மெலிந்துபோயிருந்தார். அவளைக் கண்டதும் இரண்டடி பின்வாங்கினார்.

"மாமா, நீங்கள்தான் மீனை ஒளித்துச் சந்தையைக் கெடுத்தீர்கள் என்கிறார்களே, உண்மையா?"

"இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை, அம்மா. முதுகுக்குப் பின்னால்தான் பேசினார்கள். நான் எதையும் ஒளிக்கவில்லை. ஓடையில் தண்ணீர் குறைந்தது, மீன் வரவில்லை. ஏன் குறைந்தது என்று எனக்குத் தெரியாது."

திரும்பும் வழியில் சிலிர்ப்பி அந்தக் குளத்து ஆமை ஒன்றை விசாரித்தாள்.

"பொய்! சாயங்காலத்தில் அவர் மீனைக் கவ்விக்கொண்டு மேற்கே பறந்ததை என் கண்ணால் பார்த்தேன்!" என்றது ஆமை.

சிலிர்ப்பிக்குத் தலை சுற்றியது. மறுநாள் பரிசுக்காகக் கூடும் சபையில் திட்டத்தைச் சொல்லியாக வேண்டும்! பழியைக் கொக்கின் மேல் போட்டால் காடே கொண்டாடும். ஆனால் கொக்கு பின்வாங்கி நின்ற கோலம் அவள் கண்ணை விட்டு அகலவில்லை. தலைப்பைச் சுரண்டி அழித்தாள். 'குளக்கரைச் சந்தை ஏன் மூடியது?' என்று எழுதினாள்.

மறுநாள் இலுப்பை மரத்தடியில் கூட்டம் கூடியது. நெடுங்காலனும் தயங்கித் தயங்கி வந்து ஓரமாக நின்றார்.

முதலில் தாவன் என்ற இளம் குரங்கு எழுந்தான். அவனுடைய திட்டமும் அதே சந்தையைப் பற்றியதுதான்!

"என் நூல் 'கொக்கின் சூழ்ச்சி'! ஒரு கொக்கு ஒரு சந்தையையே எப்படி விழுங்கியது என்று எழுதப்போகிறேன். படித்தவர்கள் இனி வியாபாரத்தில் ஏமாறவே மாட்டார்கள்!"

கூட்டம் ஆரவாரம் செய்தது. நெடுங்காலன் தலையைக் குனிந்துகொண்டார்.

அடுத்து சிலிர்ப்பி எழுந்தாள். "கொக்கு மாமா ஒன்று சொல்கிறார். ஆமை வேறொன்று சொல்கிறது. எது உண்மை என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. ஓடை பிறக்கும் மலைவரை போய்ப் பார்க்க வேண்டும். மேற்குக் காட்டிலும் விசாரிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் எழுத முடியும்."

"தெரியாதவளுக்கு நூல் எதற்கு?" என்று கத்தியது ஒரு நரி. எல்லோரும் சிரித்தார்கள். அவளுடைய அம்மாகூட வெட்கப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

முறக்காதி தும்பிக்கையை உயர்த்தினாள். சிரிப்பு அடங்கியது.

"தாவா, நீ கொக்கிடம் பேசினாயா?"

"எதற்கம்மா? அதுதான் எல்லோருக்கும் தெரிந்த கதையாயிற்றே!"

"எல்லோருக்கும் தெரிந்ததை எழுத உனக்கு ஒரு பருவம் எதற்கு?"

தாவன் தன் ஓலையைச் சுருட்டிக்கொண்டான்.

"போய்த் தேடுவதற்காகத்தான் இந்தப் பரிசு. சிலிர்ப்பிக்குத் தேட வேண்டியது இருக்கிறது. பரிசு அவளுக்கே!" என்றாள் முறக்காதி.

தாவன் ஒரு கிளையில் போய் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். சிலிர்ப்பி அந்த மரத்தடிக்கு வந்தாள்.

"தாவா, செங்குத்தான பாறையில் என்னால் ஏற முடியாது. கூட வருகிறாயா?"

"என்னையா கூப்பிடுகிறாய்? உன்னைப் பார்த்து நானும்தானே சிரித்தேன்!"

"தெரியும். வா, போகலாம்!"

இருவரும் ஓடையின் போக்கிலேயே மேலே போனார்கள். மலையுச்சியை எட்டியதும் தாவன் கூவினான். "சிலிர்ப்பி! ஒரு பெரும்பாறை சரிந்து ஓடையை மறித்திருக்கிறது! தண்ணீரெல்லாம் அந்தப் பக்கம் போகிறது!"

மேற்குக் காட்டிலும் விசாரித்தார்கள். கொக்கிடம் மீன் வாங்கியவர் அங்கே ஒருவரும் இல்லை. அவருடைய கூடுதான் அங்கே இருந்தது. ஆமை பார்த்ததும் பொய்யில்லை, அது அவருடைய குஞ்சுகளுக்குப் போன இரை. ஆனால் மீன் குறைந்த நாட்களில் நெடுங்காலன் பொடி மீனுக்குக்கூட விலையாக இரட்டிப்புக் கிழங்கு கேட்டிருந்ததும் விசாரித்ததில் தெரியவந்தது. சிலிர்ப்பி அதையும் மறைக்காமல் எழுதினாள்.

நூலைச் சபையில் படித்தபோது, "அதுவும் உண்மைதான். பதற்றத்தில் அப்படிச் செய்துவிட்டேன்," என்று கொக்கு ஒப்புக்கொண்டார்.

யானைகள் மலையேறிப் பாறையைப் புரட்டித் தள்ளின. ஓடை குளத்துக்குத் திரும்பியது. சிலிர்ப்பியின் அம்மா நெடுங்காலனிடம் போய் நின்றாள். "அண்ணா, அன்றைக்கே வந்து உங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும்," என்றாள்.

"இப்போதாவது வந்தாயே, தங்கச்சி!" என்றார் கொக்கு.

ஆகவே பிறரைப் பற்றி எழுதவோ பேசவோ துணிகிறவர்கள், ஊர் சொல்வதை அப்படியே நம்பிவிடாமல், தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு நேரில் போய்க் கேட்க வேண்டும்.